இறங்கிப் போகாத வல்லாரை

"கொஞ்சம் இறங்கிப் போயேன்" என்று எனக்குப் புத்தி சொல்லாதவர்கள் குறைவு. அம்மா சொல்லியிருக்கிறாள். பெரியம்மா சொல்லியிருக்கிறாள். தண்ணீர் திறந்துவிடும் நேரம் பற்றிய சண்டையில் வீட்டுக்காரம்மா சொல்லியிருக்கிறார். விட்டுக்கொடு என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் குன்னூரில் பிறந்தவள் காதில் அது வேறு மாதிரியும் விழும். மலையில் எங்களுக்கு இருப்பது இரண்டே இடம்தான், மேலே, கீழே. மேட்டுப்பாளையம் தாண்டிவிட்டால் கோயமுத்தூரானாலும் சரி, சிங்கப்பூரானாலும் சரி, எல்லாம் கீழே. "அவரு கீழ போயிருக்காருங்க" என்று சொல்லிவிட்டால் எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. அதனால் யாராவது என்னை இறங்கிப் போகச் சொன்னால், பையைக் கையில் கொடுத்து பஸ் ஏற்றிவிடப் பார்க்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றும். உடனே கோபம் வரும்.

ஊட்டியில் ஒரு கல்லூரியில் நான் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தேன். எடுத்துக்கொண்ட செடி வல்லாரை. யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிப்பார்கள். மார்க்கெட்டில் கட்டுக் கட்டாக விற்கிற கீரைக்கு எதற்கு டாக்டர் பட்டம் என்பார்கள். துவையல் அரைத்துத் தின்றுவிட்டுப் போகவேண்டியதுதானே என்று ஒரு பேங்க் மேனேஜர் கேட்டார். தின்னுங்கள் சார், நன்றாகத் தின்னுங்கள், நீங்கள் தின்கிற அந்த இலைக்குள் என்ன நடக்கிறது என்பதைத்தான் நான் பார்க்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

இலைக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செடிகள் தம்மைக் காத்துக்கொள்ள ஃபிளேவனாய்டு என்ற ஒரு வகைப் பொருளைத் தயாரிக்கின்றன. தேயிலையின் துவர்ப்பில் அதற்குப் பங்கு உண்டு. மருந்துச் செடிகளில் பலவற்றுக்கு மருந்துக் குணம் வருவதிலும் அதற்குப் பங்கு உண்டு. அந்தக் குடும்பத்தில் ஒன்று மட்டும் கண்ணுக்குத் தெரியும்படி சிவப்பாகவோ ஊதாவாகவோ இருக்கும். அதைத் தயாரிக்கும் மரபணுக்கள் எல்லா வல்லாரையிலும் இருக்கின்றன. ஆனால் அவை தாமாக வேலை செய்வதில்லை. அவற்றை எழுப்பிவிட ஒரு மரபணு, போதும் என்று உட்காரவைக்க இன்னொன்று. உட்காரவைப்பதற்கு நாங்கள் வைத்திருந்த தமிழ்ப் பெயர் அடக்கி. குளிரும் கடும் வெயிலும் சேர்ந்தால் அடக்கி தளர்ந்துவிடும், இலை சிவக்கும். வெப்பத்தில் அடக்கி மறுபடி நிமிர்ந்துகொள்ளும், இலை பச்சையாகிவிடும். வழக்கமாக நடப்பது இதுதான்.

எனக்குக் கிடைத்த ஒரு செடி இந்த வழக்கத்துக்குக் கட்டுப்படவில்லை என்று நான் நம்பினேன். ஸ்ரீமதுரையில் வயல் வரப்பிலிருந்தும், தேவர்சோலையில் தேயிலைக்கு நடுவே ஓடும் வாய்க்காலிலிருந்தும், இன்னும் சில இடங்களிலிருந்தும் வல்லாரை கொண்டுவந்திருந்தேன். பைக்காராவில் ஓடைக்கரை ஒன்றில், நல்ல நிழலில், மழைக்காலத்தில், சுற்றியிருந்ததெல்லாம் பச்சையாக இருக்க ஒரே ஒரு திட்டு மட்டும் காம்பும் இலையும் ஊதாச் சிவப்பாகப் படர்ந்திருந்தது. வெயிலும் இல்லை, அந்த அளவுக்குக் குளிரும் இல்லை. பிறகு ஏன் சிவந்தது? அடக்கி மரபணு அதில் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அது உண்மையானால் மருந்துச் சத்து குறையாத வல்லாரையைக் கீழே வெயில் காட்டிலும் வளர்க்க முடியும்.

ஆனால் ஊட்டிக்குக் கொண்டுவந்து ட்ரேயில் நட்ட பிறகு என் கட்சி தோற்றுப்போனது. மார்கழிப் பனி விழுந்ததும் எல்லா ட்ரேயும் சிவந்துவிட்டன. ஸ்ரீமதுரைச் செடியும் சிவப்பு, தேவர்சோலைச் செடியும் சிவப்பு, பைக்காராச் செடியும் சிவப்பு. எதையும் எதிலிருந்தும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வெப்பத்தைக் கூட்டிக் குறைத்து வளர்க்கும் பெட்டி ஒன்று துறையில் இருந்தது. அது ரிப்பேராகி, மேலே பழைய செய்தித்தாள்கள் அடுக்கிவைக்கும் மேசையாக மாறி வெகுநாள் ஆகியிருந்தது.

என் கைடு, அதாவது ஆய்வு வழிகாட்டி, கெட்டவர் இல்லை. கோயமுத்தூர்க்காரர். வெள்ளிக்கிழமை வந்தால் கீழே போய்விடுவார். ட்ரேக்களைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இதபாரும்மா, ஊட்டியில எல்லாந்தான் செவக்கும். எம் மூக்குங்கூடத்தான் செவக்குது. அதுக்கெல்லாம் மரபணுவுல கோளாறுன்னு சொல்லுவியா?"

"நிழல்லயே செவப்பா இருந்துச்சுங்க சார். நானே பாத்தேன்."

"நீ பாத்தது ரிவ்யூ கமிட்டிக்கு ஆகாது. குளிரால வல்லாரையில ஃபிளேவனாய்டு கூடுதுன்னு எழுதிரு. சுலபமா முடிஞ்சிரும். வருசாந்தர ரிவ்யூவுல தலைப்ப மாத்திக்கலாம். கொஞ்சம் இறங்கிப் போம்மா."

குளிரில் கூடுகிறது என்பது ஏற்கெனவே எத்தனையோ செடிகளில் எத்தனையோ பேர் எழுதிய சங்கதி. அதை எழுதி ஒரு பட்டம் வாங்கலாம். ஆனால் பைக்காராச் செடியை அதற்கப்புறம் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ட்ரே வேறு ஆய்வுக்குப் போய்விடும், மண் குப்பைக்குப் போய்விடும். ரிவ்யூவுக்குள் அதன் சிவப்புக்குக் காரணம் காட்டாவிட்டால் தலைப்பு மாறும். அதுதான் நிலைமை. மாற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். எதை வைத்துச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன் வைத்தார்கள். அப்பா குன்னூர்க் கடையைக் கொடுத்துவிட்டு அம்மாவோடு கோயமுத்தூருக்குக் குடிபோய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் கீழே போய் அம்மாவுடன் தங்கினேன். கோடை தொடங்கிவிட்டது. ஆஸ்பத்திரியிலும் வீட்டிலும் பார்க்க வந்த சொந்தக்காரர்களுக்கு அம்மாவின் மூட்டைவிட என் கல்யாணம் பெரிய நோயாகத் தெரிந்தது.

"மேல அந்தக் குளிருக்குள்ள தனியா என்ன கண்ணு பண்றே?" என்றாள் பெரியம்மா. "பொட்டப்புள்ள அடக்கமா இருக்கோணும். இத்தன புடிவாதம் ஆகாது."

"அடக்கி வேல செய்யாதததான் பெரீம்மா நான் தேடிட்டிருக்கேன்."

பெரியம்மாவுக்குப் புரியவில்லை. அம்மாவுக்குப் பாதி புரிந்தது. படுத்தபடியே என்னை முறைத்தாள். பிறகு சிரிப்பு வந்து, காலை அசைத்துவிட்டு, வலியில் என்னைத் திட்டினாள்.

ஒருநாள் மத்தியானம் அப்பா ஃபோனில் செய்தி பார்த்துவிட்டு ஊட்டியில் கோடை மழையோடு ஆலங்கட்டி கொட்டுகிறது என்றார். ட்ரேக்கள் இருந்தது கல்லூரிக் கொட்டகையில், ஓட்டை விழுந்த தகரக் கூரையை ஒட்டிய மேல் தட்டில். உடனே எங்கள் லேபில் வேலை பார்க்கும் அக்காவைக் கூப்பிட்டேன். ஊட்டியிலேயே பிறந்து வளர்ந்தவர், கை சுத்தம், சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். மழை இரைச்சலில் பாதி வார்த்தை கேட்கவில்லை. கத்தினேன்.

"அக்கா, அந்த வல்லாரை ட்ரே எல்லாத்தையும் கீழ வெச்சிருங்க! எல்லாத்தையும்!"

"கீழங்களா? சரீங்க அம்மிணி. நான் பாத்துக்கறேனுங்க."

நிம்மதியாக ஃபோனை வைத்தேன். அடுத்த ஒரு மாதத்துக்கு மேல் அம்மாவை நடக்கப் பழக்குவதில் போய்விட்டது. செடிக்குத் தண்ணீர் ஊற்ற அக்கா இருக்கிறார் என்று நான் இருந்துவிட்டேன்.

திரும்பி வந்தபோது ஊட்டியில் சீசன். பஸ் ஸ்டாண்டிலிருந்து கல்லூரிக்கு வருவதற்குள் டூரிஸ்ட் வண்டிகளுக்கு நடுவே மூச்சு முட்டியது. பையைக்கூட வைக்காமல் கொட்டகைக்குப் போனேன். மேல் தட்டு காலி. கீழ்த் தட்டும் காலி.

"ட்ரே எல்லாம் எங்கக்கா?"

"கீழதானுங்க இருக்குது."

"கீழ இல்லையேக்கா. பாத்துட்டுத்தான் கேக்கறேன்."

"இங்க இல்லீங்க. கீழ. கோயமுத்தூர்ல. நீங்க சொன்ன மக்கியா நாளே, விடிஞ்சதும் காலேஜ் வண்டி கீழ போச்சுங்க. ஈரப் பேப்பர் சுத்தி, ஒரு எலைகூட நசுங்காம ஏத்தி உட்டேன். நம்ம பெரிய காலேஜு அங்க இருக்குதுல்ல, அந்த நெட் ஹவுஸ்ல வெச்சிருக்காங்க."

அக்காவுக்கு என் முகம் பிடிபடவில்லை.

"ஏனுங்க அம்மிணி, நீங்களும் கீழதான இருந்தீங்க? பக்கத்துல வெச்சுப் பாத்துக்கோணும்னு கேட்டீங்கன்னு நெனச்சேனுங்க."

கீழே இருக்கிற ஒருத்தி, கீழே வையுங்கள் என்று கத்தினால், ஊட்டியில் யாருக்குக் கீழ்த் தட்டு ஞாபகம் வரும்? நான் ஒரு பக்கம் பெரியம்மாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அதே ஊரின் இன்னொரு பக்கத்தில் என் செடிகள் கோடை வெயிலில் நின்றிருக்கின்றன. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. முதலில் வந்தது அழுகைதான்.

விஷயம் கைடின் காதுக்குப் போயிற்று. அவரே கீழே நெட் ஹவுஸைப் பார்த்துக்கொள்பவருக்கு ஃபோன் போட்டு, நானும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஊட்டி வல்லாரைங்களா சார்? நல்லா தழைஞ்சிருக்குதுங்க. வந்தப்ப செவசெவன்னு இருந்துச்சு. பழைய எலையெல்லாம் காஞ்சு, இப்பப் புது எலை பச்சப்பசேல்னு வந்திருச்சுங்க."

கைடு ஃபோனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கிண்டல் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சண்டை போடச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"பாத்தியாம்மா? கீழ போனா எல்லாம் பச்சையாயிருது. ரிவ்யூவுக்குத் தலைப்ப மாத்தி ஒரு பக்கம் எழுதிட்டு வா."

"நான் பாக்காம எழுத மாட்டேன் சார்."

"அவர்தான் சொல்லிட்டாரே."

"அவரு பாத்தத அவரு சொல்லிட்டாரு சார். நான் பாத்ததே கமிட்டிக்கு ஆகாதுன்னீங்க. அவரு பாத்தது மட்டும் எப்படி ஆகும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போய்ப் பார்த்துவிட்டு வா என்று கையை ஆட்டினார்.

மறுநாள் காலையில் பஸ்ஸில் மலை இறங்கினேன். குன்னூர் வரை ஸ்வெட்டர் வேண்டியிருந்தது. பர்லியாரில் அதைக் கழற்றினேன். கல்லார் தாண்டும்போது ஜன்னல் காற்றே சூடாக அடித்தது. தலைப்பை மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் பட்டமே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று வழியெல்லாம் வாக்கியம் அமைத்துக்கொண்டே வந்தேன். கோபத்தில் எனக்கு நல்ல வாக்கியங்கள் வரும். பயமும் இருந்தது. பெரியம்மா சொன்னது சரியாகிவிடுமோ என்ற பயம்.

நெட் ஹவுஸ் என்பது நான்கு பக்கமும் பச்சை வலை கட்டிய கொட்டகை. உள்ளே வெக்கை தாங்கவில்லை. பார்த்துக்கொள்பவர் நடுவயதுக்காரர், மோர் கொடுத்து உபசரித்துவிட்டு என் ட்ரேக்களைப் பெருமையாகக் காட்டினார். அவர் சொன்னதில் பொய்யே இல்லை. ஸ்ரீமதுரை பச்சை. தேவர்சோலை பச்சை. ஊட்டி ஏரிக்கரையில் எடுத்ததும் பச்சை. ஒவ்வொரு ட்ரேயிலும் என் கையெழுத்திலிருந்த ஊர்ப் பெயரைப் படித்துக்கொண்டே போனேன். வரிசை முடிந்தது.

"பைக்காரான்னு எழுதின ட்ரே எங்கீங்க?"

"அதுங்களா?" என்று தலையைச் சொறிந்தார். "அது சீக்குப் புடிச்சுதுங்க. மத்ததெல்லாம் பச்சையாகியும் அது மட்டும் தெளியவே இல்ல. மத்ததுக்குப் பரவிரும்னு அப்பால தள்ளிப் போட்டுட்டேன்."

"எங்க தள்ளிப் போட்டீங்க?"

அவர் கை காட்டிய திசையில் ஓடினேன். நெட் ஹவுஸுக்குப் பின்னால் சருகும் காய்ந்த மண்ணும் கொட்டும் எருக்குழி. நிழல் என்று சொல்ல ஒரு துணி இல்லை. குழியின் ஓரத்தில், தண்ணீர்க் குழாய் சொட்டும் இடத்தில் அந்த ட்ரே சாய்ந்து கிடந்தது. மேல் இலைகள் வெயிலில் ஓரம் கருகியிருந்தன. ஆனால் செடி சாகவில்லை. ட்ரேயின் விளிம்பைத் தாண்டி ஓடுதண்டுகளைத் தரையில் நீட்டி, சொட்டும் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, கணுவுக்குக் கணு வேர்விட்டிருந்தது. ஒவ்வொரு கணுவிலும் புது இலை. கோயமுத்தூர் வெயிலில் பிறந்து வளர்ந்த இலை. அத்தனையும் ஊதாச் சிவப்பு.

பின்னாலேயே வந்தவர், "சீக்குதானுங்க இது?" என்றார்.

"சீக்கு இல்லீங்க. இதுக்கு இறங்கிப் போகத் தெரியல, அவ்வளவுதான்" என்றேன். மண்ணில் உட்கார்ந்து புது இலைகளை எண்ணத் தொடங்கினேன். அவர் உள்ளே போய் இன்னொரு டம்ளர் மோர் கொண்டுவந்தார்.

வெயிலில் சிவப்பாக இருப்பது வெயிலாலும் இருக்கலாமே என்று கைடு கேட்பார் என்று எனக்குத் தெரியும். ஊட்டிக்குத் திரும்பி நான் சொன்னதும் அவர் அதையேதான் கேட்டார். சரியான கேள்விதான். அதனால் நெட் ஹவுஸைப் பார்த்துக்கொள்பவருக்கு ஃபோன் போட்டு, ஓடுதண்டிலிருந்து வெட்டிய கன்றுகளை வலைக்கு உள்ளே, பச்சையாகிப் போன செடிகளுக்குப் பக்கத்திலேயே, அதே நிழலில், அதே மண்ணில் வைக்கச் சொன்னேன். இந்த முறை "உள்ள, அந்த மேசை மேல, தேவர்சோலை ட்ரேக்கு வலது பக்கம்" என்று சொல்லி, போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். கன்றுகள் சிவப்பாகவே தழைத்தன. பிறகு இலைகளைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து, மேலே கொண்டுவந்து, பொடித்து, எந்த மரபணு வேலை செய்கிறது, எது தூங்குகிறது என்று பார்த்தோம். கீழே வளர்ந்த பச்சைச் செடிகளில் அடக்கி நன்றாக விழித்திருந்தது. பைக்காராச் செடியில் அதன் சத்தமே இல்லை. கம்ப்யூட்டர் திரையில் மற்ற கோடுகளெல்லாம் மேலே ஏற, அந்த ஒரு கோடு தரையோடு கிடந்தது. ஏதாவது தப்பு செய்துவிட்டேனோ என்று திரும்பத் திரும்பச் செய்தேன். தரையோடுதான் கிடந்தது.

ரிவ்யூ நாளில் கமிட்டி ஒரு நீள மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தது. நான் படங்களைக் காட்டிப் பேசி முடித்ததும் கைடு தொண்டையைச் செருமினார். அவருக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. மற்றவர்கள் முன்னால் என்னைப் பாதுகாப்பதாகவும் நினைத்திருக்கலாம்.

"ஒரே ஒரு செடிய வெச்சுச் சொல்றே. மரபணுன்னு இவ்வளவு அழுத்தமா சொல்லாம, குளிர், வெப்பம்னு கொஞ்சம் இறங்கி எழுதலாமேம்மா" என்றார்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் கதவருகே இரண்டு ட்ரேக்களோடு காத்திருந்தார். கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். நெட் ஹவுஸிலிருந்து அன்று காலை வண்டியில் வந்தவை. ஒன்று தேவர்சோலை, பச்சை. ஒன்று பைக்காரா, சிவப்பு.

"ரெண்டும் ஒரே வண்டியில கீழ போச்சுங்க சார். ஒரே மண்ணு, ஒரே தண்ணி, ஒரே வெயிலு" என்றேன். "ஒண்ணுதான் இறங்கிப் போச்சு. இன்னொண்ணு ஏன் போகலைங்கறதுதான் என் தலைப்பு. அத மாத்த மாட்டேன்."

குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன். வெளியூரிலிருந்து வந்திருந்த அம்மையார் ஒருவர் எழுந்து வந்து சிவப்பு இலை ஒன்றைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். பச்சை ட்ரேயின் இலையையும் பார்த்தார். பிறகு கைடிடம், "தலைப்பு இருக்கட்டுமே சார், பொண்ணு இன்னும் நெறைய கன்னு வெச்சுப் பாக்கட்டும்" என்றார். கைடு என்னைப் பார்க்கவில்லை. பச்சை ட்ரேயை ஓர் ஓரமாக நகர்த்திவிட்டு, சிவப்பு ட்ரேயை வெகுநேரம் பார்த்தார். பேனாவை எடுத்துப் பழைய தலைப்புக்குக் கீழேயே கையெழுத்துப் போட்டார்.

எல்லாரும் டீ குடிக்கப் போன பிறகு அக்கா ட்ரேக்களை எடுக்க வந்தார். எடுத்தவர் நின்றார்.

"இதுகள எங்க வெக்கட்டுங்க அம்மிணி? கீழயா?"

அவர் எந்தக் கீழேயைக் கேட்டார் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

"வேண்டாங்க்கா" என்றேன். "மேலயே இருக்கட்டும்."